லண்டன் விக்டோரியா & ஆல்பர்ட் அருங்காட்சியகம்: துணி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நாள் போதுமா?

மெல்லிழை:
வணக்கம். இன்னும் ஐந்து வாரத்தில், மார்ச்சில், லண்டன் வருகிறோம். ஒரு வெள்ளிக்கிழமையை முழுக்க வி அண்ட் ஏ-க்கு ஒதுக்கியிருக்கிறேன். மூன்று பேர்: நான் (ஜவுளி வடிவமைப்பு), அம்மா (முழங்கால் வலி, படி ஏற முடியாது), எட்டு வயதுப் பையன். நான் பார்க்க வேண்டியவை: பாரசீகத்து அர்தபில் கம்பளம், ஓவியர் ரஃபேலின் பெரிய மாதிரிப் படங்கள், சோழமண்டலக் கரையிலிருந்து போன சின்ட்ஸ் (வரைந்து சாயமிட்ட பருத்தி) துணிகள். பையனுக்குத் திப்புவின் புலி. எந்த வாசல், எந்த வரிசை, எவ்வளவு நேரம்? சின்ட்ஸ் துணியைக் கண்ணாடிக்கு வெளியே பக்கத்தில் வைத்துப் பார்க்க வழி உண்டா? டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டுமா?

வடக்குவாசல்:
கடைசிக் கேள்வி எளிது. நிரந்தரக் கூடங்கள் எல்லாமே இலவசம். கட்டணம் தனிக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான். அவற்றுக்கு நேரம் குறித்த சீட்டு. அதை முன்பே எடுத்துவிடுங்கள். திறப்பு காலை 10 மணி, மூடுவது மாலை 5.45, வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 10. டிசம்பர் 24 முதல் 26 வரை விடுமுறை.

வெள்ளி இரவை நம்பி ஒரு தப்புச் செய்வார்கள். மாலைக்கு மேல் கட்டடம் திறந்திருக்கும், ஆனால் எல்லாக் கூடமும் திறந்திருக்காது. சில கூடங்கள் மட்டும்தான் இரவு வரை. ஆகவே "கட்டாயம்" என்று நீங்கள் எழுதியவற்றை மாலை 5 மணிக்குள் முடித்துவிடுங்கள். இரவை உணவகத்துக்கும் மீண்டும் ஒரு சுற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல் மூன்று. குரோம்வெல் சாலையில் இருப்பது பழைய பெரிய வாசல். அங்கே படிகள் உண்டு. சவுத் கென்சிங்டன் ரயில் நிலையத்திலிருந்து தரைக்கடியில் வரும் நடைபாதை நேராக 0-ஆம் தளத்தில் கொண்டுவிடும். மழை நாளில் அது நல்ல வழி. ஆனால் அந்த நடைபாதைக்குப் போக நிலையத்திலேயே படி இறங்க வேண்டும். அம்மாவுக்கு எக்ஸிபிஷன் சாலை வாசல்தான். 2017-இல் திறந்த முற்றம் அது. தெருவிலிருந்து படியே இல்லாமல் உள்ளே போகலாம். தரை முழுக்கக் கையால் செய்த பீங்கான் ஓடு, 11,000 ஓடுகள். ஈர நாளில் ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் நிதானமாக நடக்கட்டும்.

ரயிலுக்குப் பதில் பேருந்து பாருங்கள். 14, 74, சி1 மூன்றும் பக்கத்தில் நிற்கும். லண்டன் பேருந்துகள் எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு. சக்கர நாற்காலியை அருங்காட்சியகத்திலேயே இரவலாகக் கேட்கலாம். அம்மா நடப்பார் என்றாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே தூரம் அதிகம், உட்கார இடம் கிடைக்காத கூடங்களும் உண்டு.

தளமும்எண்ணும்:
வாசலைவிடப் பெரிய சிக்கல் தள எண். கட்டடம் ஒரே காலத்தில் எழுந்ததல்ல. அருங்காட்சியகம் 1857-இல் இந்த இடத்துக்கு வந்தது. அரை நூற்றாண்டு துண்டு துண்டாகக் கட்டி, கட்டடக் கலைஞர் ஆஸ்டன் வெப்பின் முகப்பு 1909-இல் திறந்தது. அதனால் ஒரு பக்கத்து மாடி இன்னொரு பக்கத்து மாடியோடு நேராகச் சேராது. தளங்கள் 0-இலிருந்து 6 வரை. பெரிய வாசல் உள்ளது 1-ஆம் தளம். 2-இல் நடந்துகொண்டிருக்கும்போதே இடையில் படி வந்து வழி நின்றுவிடும். அங்கிருந்து 1-க்கு இறங்கி, இன்னொரு லிஃப்டில் ஏறினால்தான் அடுத்த துண்டு.

தீர்வு: தளத்தை விட்டுவிட்டு அறை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண் ஒவ்வொரு கதவு நிலையிலும் இருக்கும். உங்கள் பட்டியலில் அநேகமாக எல்லாமே 1-ஆம் தளத்தில்தான்: 42 (அர்தபில்), 41 (தெற்காசியா), 48 ஏ (ரஃபேல்). பட்டியலில் இல்லாத 46-உம் (வார்ப்பு முற்றங்கள், அதாவது சிற்பங்களின் பிளாஸ்டர் நகல்கள் உள்ள கூடம்) அதே தளம். நடுவில் தோட்டம். அம்மாவுக்கு லிஃப்டே தேவைப்படாத சுற்று இது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "இந்தப் பொருள் இந்த அறையில்" என்று எந்த வலைப்பதிவிலும், ஏன் இந்த இழையிலும், யார் சொன்னாலும் அதை வைத்துக் கிளம்பாதீர்கள். அருங்காட்சியகத்தின் சேகரிப்புத் தேடலில் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பக்கம் உண்டு. பொருள் இப்போது காட்சியில் இருந்தால் கூடம், அறை, பேழை எண் மூன்றும் அதில் இருக்கும். காட்சியில் இல்லை என்றால் அதையும் சொல்லும். 41-ஆம் அறைக்குப் புதுப்பிப்புத் திட்டம் இருக்கிறது. திப்பு புலி எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் வாரத்தில் அந்தப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் பையனுக்கு வாக்குக் கொடுங்கள்.

மெல்லிழை:
மிக்க நன்றி. தேடலில் "சின்ட்ஸ்" என்று போட்டால் பக்கம் பக்கமாக வருகிறது. எப்படிச் சலிப்பது?

தளமும்எண்ணும்:
"காட்சியில் உள்ளவை மட்டும்" என்ற வடிகட்டியை முதலில் போடுங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கும். அதன் பிறகு உருவான இடம், நுட்பம் என்று இறக்குங்கள். இடத்துக்கு "கோரமண்டல் கடற்கரை" என்ற பெயர்தான் அவர்கள் வழக்கு. ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்.

பிடித்த பொருளின் அருங்காட்சியக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், தலைப்பை அல்ல. ஒரே தலைப்பில் பல பொருள் இருக்கும். எண்ணைப் படிப்பது சுலபம்: முன்னால் பிரிவின் எழுத்து, நடுவில் வரிசை, கடைசியில் சேகரிப்புக்கு வந்த ஆண்டு. "டி" என்றால் துணி, "டபிள்யூ" மரவேலை, "சி" மண்பாண்டமும் கண்ணாடியும், "ஐஎஸ்" இந்தியப் பிரிவு. இங்கிலாந்தில் வேர் (Ware) என்ற ஊரின் புகழ்பெற்ற பெரிய கட்டில் டபிள்யூ.47-1931, அதாவது 1931-இல் வாங்கியது. எழுத்தில்லாத எண்ணும் உண்டு: அர்தபில் 272-1893. ஆண்டு என்பது வந்து சேர்ந்த ஆண்டு. செய்த ஆண்டு என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய.

சாயவேர்:
அர்தபில் கம்பளத்துக்கு நேரம் கணக்கிட வேண்டும், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். சாயம் மங்காமல் இருக்க, ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் 10 நிமிடம் மட்டும் விளக்குப் போடுகிறார்கள். மற்ற நேரத்தில் மங்கலில் வடிவம் தெரியும், நிறம் தெரியாது. 10.25-க்கு அங்கே நில்லுங்கள். 10.30-க்கு விளக்கு வரும்போது உங்கள் கண் ஏற்கெனவே இருட்டுக்குப் பழகியிருக்கும்.

ஏறக்குறைய 10.5 மீட்டர் நீளம், 5.3 மீட்டர் அகலம். ஹிஜ்ரி 946 என்று கம்பளத்திலேயே நெய்திருக்கிறது, அதாவது 1539-40. பாவும் ஊடையும் பட்டு, மேலே நிற்கும் முடி கம்பளி. 10 செ.மீ. சதுரத்தில் சுமார் 5,300 முடிச்சு. பட்டு நூல் மெலிதாகவும் உறுதியாகவும் இருப்பதால்தான் அவ்வளவு நெருக்கம் சாத்தியம். பருத்திப் பாவில் அதே அடர்த்திக்கு முயன்றால் கம்பளம் பலகைபோல் விறைத்துவிடும். பார்க்க வேண்டியது: நடுப் பதக்கத்தின் இரு பக்கமும் தொங்குகிற இரண்டு விளக்குகளின் அளவு ஒன்றல்ல. ஒரு பக்கம் நின்று மறு பக்கம் பார்த்துவிட்டு, சுற்றி வந்து எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். 2006 வரை சுவரில் தொங்கியது. கம்பளம் தரைக்கு உரியது. கீழே விரித்த பிறகுதான் அந்தச் சுற்றல் சாத்தியமாயிற்று.

இதற்கு ஒரு ஜோடி உண்டு. அது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. லண்டன் கம்பளத்தின் சேதத்தை அந்த ஜோடியிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளால்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டுப்போட்டார்கள். அதனால்தான் ஒன்று முழுதாகவும் மற்றது கரையிழந்தும் நிற்கின்றன. நெசவு தெரிந்தவருக்கு மனம் பதைக்கும் செயல். ஆனால் பார்க்கிறவர் அறிந்திருக்க வேண்டும்.

கரைமேடு:
வணக்கம். பெடியனுக்கு இரண்டு விசயம் சொல்லுறன். திப்புவின்ரை புலி மரத்தாலை செய்தது, 172 செ.மீ. நீளம், 71 செ.மீ. உயரம். 1799 மே 4-இலை சிறீரங்கப்பட்டணம் விழுந்தாப் பிறகு ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு வந்தது. எண் 2545 ஐஎஸ். பக்கத்திலை உள்ள கைப்பிடியைச் சுத்தினால் கீழை கிடக்கிற ஆளின்ரை கை ஏறி இறங்கும், அழுகைச் சத்தமும் உறுமலும் வரும். வயித்துக்குள்ளை சின்ன ஆர்கன் ஒன்று, 18 சுரம். பார்க்கப் போறவை ஒருத்தரும் சுத்த ஏலாது, இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சிலை நொருங்கித் திருத்தின சாமான் அது. சத்தம் கேட்க வேணுமெண்டால் அருங்காட்சியகத்தின்ரை காணொளி இணையத்திலை இருக்கு. போக முன்னமே வீட்டிலை காட்டிவிடுங்கோ. அங்கை போய் "ஏன் கத்தேல்லை" எண்டு பிள்ளை ஏமாறக் கூடாது.

மற்றது தோட்டம். நடுவிலை நீள்வட்டக் குளம், தண்ணி கணுக்கால் மட்டம்தான். வெயில் நாளிலை பிள்ளையள் இறங்கி விளையாடுவினம். ஒரு துவாயும் மாத்துக் காற்சட்டையும் கொண்டு போங்கோ. மார்ச் எண்டபடியால் குளிர் பார்த்து.

சாயவேர்:
இப்போது சின்ட்ஸ். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் பெயர்ப்பலகையில் "வரைந்து சாயமிட்ட பருத்தி" என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் பல வாரத்து வேலை இருக்கிறது.

துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்க உதவும். பாலின் கொழுப்பு, கலம் என்ற மூங்கில் பேனாவால் எழுதும் கோடு பஞ்சில் பரவாமல் காக்கும். கறுப்புக் கோட்டுக்கு இரும்புத் துண்டை வெல்ல நீரில் புளிக்கவைத்த கசாயம். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர். அது எழுதும்போது நிறமே தெரியாது. பிறகு முழுத் துணியையும் சாயவேர்க் கொப்பரையில் காய்ச்சும்போது படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும். மற்ற இடத்தில் ஒட்டிய மங்கல் நிறத்தைச் சாணநீரில் ஊறவைத்தும் வெயிலில் நனைத்து நனைத்துக் காயப்போட்டும் வெளுப்பார்கள். நீலம் வேறு வழி: நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்கி எடுத்து, வெந்நீரில் மெழுகை நீக்குவது. கடைசியில் மஞ்சளைத் தூரிகையால் மேலே தீட்டுவது. நீலத்தின் மேல் மஞ்சள் போனால் பச்சை.

கண்ணாடிக்கு வெளியே நின்று இவற்றையெல்லாம் அடையாளம் காணலாம்:

இலை நீலமாக இருந்தால் அது வரைந்தவரின் விருப்பமல்ல. முதலில் பச்சையாக இருந்தது. மேலே தீட்டிய மஞ்சள் வெளிச்சத்தில் போய்விட்டது, அடியிலிருந்த அவுரி நின்றுவிட்டது.

நீலப் பகுதிக்குள்ளும் ஓரத்திலும் முடிபோன்ற நீலக் கீற்றுகள் தெரிந்தால் மெழுகு விரிசல் விட்ட இடம்.

கறுப்புக் கோடு இருந்த இடத்தில் துணியே இல்லாமல் இழை அறுந்து கிடந்தால் அது பூச்சியல்ல, எலியல்ல. இரும்புக் கசாயம் பருத்தியை உள்ளிருந்தே தின்றுவிடும். சிவப்புக் கோடு திடமாக இருக்க, பக்கத்துக் கறுப்பு மட்டும் ஓட்டையாகியிருப்பதைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உப்பு என்பது புரியும்.

பித்தளைவிளக்கு:
நல்ல விளக்கம். சின்ட்ஸ் எல்லாம் மர அச்சுக் குத்தியவைதானே? வரைந்தவை சில மட்டும் என்று படித்த ஞாபகம்.

சாயவேர்:
ஐரோப்பாவுக்கென்று சோழமண்டலக் கரையில் செய்த உயர்தரத் துணிகளில் வேலையின் உயிர் கலம்தான். அச்சும் புழக்கத்தில் இருந்தது, பிற வட்டாரங்களில் அதிகம். பார்த்தே பிரிக்கலாம். ஒரே பூவின் இரண்டு பிரதிகளைத் தேடி ஒப்பிடுங்கள். அச்சு என்றால் கோட்டின் தடிப்பு, சிறு குறைகூட அப்படியே திரும்ப வரும். அச்சும் அச்சும் சேரும் மூலையில் கோடு ஒரு மயிரிழை விலகியிருக்கும். கலம் என்றால் கோடு தொடங்குமிடத்தில் தடித்து, மை தீரத்தீர மெலிந்து, மறுபடி தோய்த்த இடத்தில் தடிக்கும். இரண்டு பூ ஒன்றாக இருக்கவே இராது.

இன்னொன்றும் தேடிப் பாருங்கள்: நடிகர் டேவிட் கேரிக் வீட்டுக் கட்டில் திரைகள். சோழமண்டலக் கரைத் துணி. 1775-இல் சுங்கத்தில் பறிமுதலானது. இந்தியத் துணிக்குப் பிரிட்டன் 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டுத் தடை விதித்தது, நம் பக்கத்து நெசவாளரும் சாயக்காரரும் செய்ததை அந்நாட்டுத் துணித் தொழில் போட்டியாகத் தாங்க முடியாததால். அதே காலத்துத் துணியைப் பிரிட்டிஷ் கூடங்களில் அந்நாட்டு மரவேலைக்குப் பக்கத்தில் பார்க்கும்போது, இந்தியத் துணியைத் "தெற்காசியா" அறையில் மட்டும் தேடுவது எவ்வளவு குறைவு என்று தெரியும்.

மெல்லிழை:
இந்த இழைக்காகவே வந்தது பலன். ஆனால் கூடம் அவ்வளவு இருட்டு என்றால் படம் எப்படி எடுப்பது? பிளாஷ் கூடாது என்று தெரியும்.

பித்தளைவிளக்கு:
துணிக்கும் காகிதத்துக்கும் அருங்காட்சியகங்கள் வைக்கும் வழக்கமான வரம்பு 50 லக்ஸ். வெளிச்சச் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. அதனால்தான் துணியைச் சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வுக்கு வைக்கிறார்கள். போன வருடம் பார்த்தது இந்த வருடம் இல்லாததற்குக் காரணமும் இதுவே.

50 லக்ஸுக்குக் கணக்கு: ஐஎஸ்ஓ 3200, துளை எஃப் 2.8, வேகம் 1/80 நொடி. நிலைதாங்கி அனுமதி இல்லை, ஆகையால் முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு அழுத்துங்கள். கண்ணாடிப் பிரதிபலிப்பைத் தடுக்க ரப்பர் மறைப்பு (ஹூட்) ஒன்றை லென்ஸில் மாட்டிப் பேழைக்கு மிக அருகில் வையுங்கள். அழுத்தவோ சாயவோ வேண்டாம், சில பேழைகளில் அலாரம் உண்டு. போலரைசர் இங்கே உதவாது, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். நிறத்துக்கு தானியங்கி வெண்சமநிலையை நம்பாதீர்கள். முதலில் வெள்ளைக் காகிதத்தை அதே விளக்கில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பழுத்த பருத்தியை கேமரா "வெள்ளை" என்று திருத்தினால் சாயவேரின் சிவப்பு இளஞ்சிவப்பாகிவிடும். சில அறைகளிலும் தனிக் கண்காட்சிகளிலும் படம் எடுக்கவே கூடாது, வாசலில் குறி இருக்கும்.

வரையலாம். பென்சில் மட்டும். பேனாவும் வண்ணமும் கூடாது. கோடு எப்படித் தடித்து மெலிகிறது என்று தெரிய, படத்தைவிட பென்சில் மேல் என்பது என் உறுதியான கருத்து.

தறிமேடை:
48 ஏ-க்கு நான் ஒன்று சேர்க்கிறேன். ரஃபேல் கூடத்தை ஓவியமாக மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், ஜவுளிக்காரருக்கு அது தறிப்பட்டறை ஆவணம். அங்குள்ள மாதிரிப் படங்கள், போப் பத்தாம் லியோ 1515-இல் சிஸ்டைன் தேவாலயத்துக்கான சித்திர நெசவுத் திரைகளுக்காகச் சொல்லிச் செய்தவை. 10-இல் 7 எஞ்சின. அரச குடும்பத்துச் சொத்து, 1865 முதல் இரவலாக அங்கே.

துணி அல்ல, காகிதம். பல தாள்களை ஒட்டி, பசை கலந்த வண்ணத்தால் தீட்டியது. பிரஸ்ஸல்ஸ் நெசவாளர்கள் இதை நெடுக்குப் பட்டைகளாக வெட்டித் தறியில் பாவுக்கு அடியில் வைத்து நெய்தார்கள். அந்த வெட்டு இணைப்புகள் இன்றும் மேலிருந்து கீழாகத் தெரியும். பக்கவாட்டில் நின்று பாருங்கள், ஓரங்கள் ஒளியில் தூக்கித் தெரியும். உருவக் கோடுகளில் ஊசிக் குத்துகள் உண்டு, நகல் எடுக்கக் குத்தியவை. நெசவாளர் பார்ப்பது திரையின் பின்பக்கம். ஆகவே நெய்து முடித்ததும் படம் இடம் வலம் மாறிவிடும். ரஃபேல் அதை அறிந்தே எல்லாவற்றையும் புரட்டி வரைந்திருக்கிறார். இதற்கு அரை மணி ஒதுக்குங்கள். நடுவில் இருக்கை உண்டு, அம்மா உட்காரலாம்.

அங்கிருந்து 46 பக்கத்தில்தான். 1873-இல் திறந்த வார்ப்பு முற்றம். டிராஜன் தூணின் பிளாஸ்டர் வார்ப்பு கூரைக்குள் அடங்காததால் இரண்டு துண்டாக நிற்கிறது. அடிப்பகுதிக்குள் நுழைந்து செங்கல் உட்கூட்டை அண்ணாந்து பார்க்கலாம், பையனுக்குப் பிடிக்கும். நகல்தானே என்று தள்ளிவிட வேண்டாம். ரோமில் உள்ள மூலம் அதற்குப் பிறகு காற்று மாசில் தேய்ந்திருக்கிறது, 1860-களின் நிலை வார்ப்பில்தான் பத்திரமாக இருக்கிறது.

மெல்லிழை:
துணியைக் கையருகே பார்ப்பதற்கு வழி? ஒலிம்பியா அருகே பிளைத் ஹவுஸ் என்ற இடத்தில் துணி ஆய்வு மையம் இருப்பதாக ஒரு பழைய பதிவில் பார்த்தேன்.

தளமும்எண்ணும்:
அது பழைய தகவல், அங்கே போகாதீர்கள். மூடியாயிற்று. அந்தச் சேகரிப்பு கிழக்கு லண்டனில் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸுக்குப் போய்விட்டது. 2025 மே 31-இல் திறந்தது. இரண்டரை லட்சம் பொருளுக்கு மேல் அடுக்கில் இருக்கிற உண்மையான கிடங்கு, நுழைவு இலவசம்.

அங்கே "ஒரு பொருளை வரவழை" என்ற சேவை இருக்கிறது. நடைமுறை இது: சேகரிப்புத் தேடலில் பொருளைத் தேர்ந்து, ஒரு வருகைக்கு அதிகபட்சம் 5 பொருள் கூடையில் போட்டு, நாளும் நேரமும் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது இரண்டு வாரம் முன்னால். உங்களிடம் ஐந்து வாரம் இருக்கிறது, இன்றே செய்யுங்கள். சவுத் கென்சிங்டனில் காட்சியில் இருப்பதை இங்கே வரவழைக்க முடியாது, ஆகவே "காட்சியில் உள்ளவை" வடிகட்டியை இப்போது கழற்றிவிட்டுத் தேடுங்கள்.

5 என்பது எண்ணிக்கை. மேசைதான் உண்மையான அளவு. ஒரு முழுப் படுக்கைவிரிப்பை விரித்தால் வேறெதற்கும் இடமிராது. பக்கத்தில் இருக்கும் அளவுகளைப் பார்த்து, பெரியது ஒன்று, சிறு துண்டுகள் மூன்று நான்கு என்று கலந்து கேளுங்கள். துண்டுத் துணிகளை இளப்பமாக நினைக்க வேண்டாம். முழுத் திரையைப் புரட்ட மாட்டார்கள், துண்டின் பின்பக்கத்தைக் காட்டக் கேட்கலாம்.

சாயவேர்:
பின்பக்கம்தான் முக்கியம். சாயவேரும் அவுரியும் இழைக்குள் இறங்கியவை, இருபுறமும் தெரியும். மேலே தீட்டிய மஞ்சள் பின்னால் மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இராது. வெளிச்சம் படாத மடிப்பு ஓரத்தில் பழைய பச்சை எஞ்சியிருக்கிறதா என்றும் பாருங்கள். 10 மடங்கு உருப்பெருக்கி, ஒரு செ.மீ. இழை எண்ணும் சட்டம், பென்சில், தாள் கொண்டு போங்கள். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி கழற்றிவிடுங்கள், இழையில் மாட்டும். கையில் கிரீம் தடவ வேண்டாம். எதைத் தொடலாம், எதை ஊழியர் மட்டும் புரட்டுவார் என்று அவர்கள் சொல்வார்கள்.

வடக்குவாசல்:
ஸ்டோர்ஹவுஸை அதே வெள்ளிக்கிழமையில் திணிக்காதீர்கள். சவுத் கென்சிங்டனிலிருந்து நகரின் மறுகோடி. வேறு நாள் பதிவு செய்யுங்கள். அருகிலுள்ள நிலையம் ஹாக்னி விக். ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கினால் நெடுந்தூரம் நடக்க வேண்டும், அம்மாவுக்கு ஆகாது.

வெள்ளிக்கு என் வரிசை: 10-க்கு எக்ஸிபிஷன் சாலை வாசல். 10.25-க்கு 42. அதன்பின் 41, திறந்திருந்தால். 12 மணிக்குள் உணவகம். பிந்தினால் வரிசை நீளும். உணவகத்தின் பழைய மூன்று அறைகளில் உட்கார இடம் தேடுங்கள். 1860-களில் உலகில் முதன்முதல் ஓர் அருங்காட்சியகத்துக்குள் அமைந்த உணவகம் அது. நடு அறையின் சுவரும் தூணும் பளபளக்கும் ஓடு, கழுவ எளிது என்பதற்காகவே. பக்கத்துப் பச்சை அறை வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் நிறுவனத்தின் ஆரம்ப வேலை. பிறகு தோட்டத்தில் அரை மணி. 1.30-க்கு 46, 2.15-க்கு 48 ஏ. 3 மணிக்கு மேல் லிஃப்டில் பிரிட்டிஷ் கூடங்கள், உங்கள் பட்டியலில் காட்சியில் உள்ள சின்ட்ஸ் எந்தப் பேழையோ அதற்கு. பையன் களைத்திருந்தால் அம்மாவும் அவனும் தோட்டத்தில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் போங்கள்.

மெல்லிழை:
பதிவு செய்துவிட்டேன், திங்கள் காலை, ஸ்டோர்ஹவுஸ். ஒரு பெரிய விரிப்பு, நான்கு துண்டுகள். துண்டில் இரண்டுக்குக் கறுப்புக் கோடு அறுந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. உருப்பெருக்கி வாங்க வேண்டும்.

சாயவேர்:
விளக்குள்ளதாக வாங்காதீர்கள், சாதாரணக் கண்ணாடி போதும். கூடுதல் விளக்கு அடிக்க அனுமதிக்க மாட்டார்கள்.